நான் பட்சி பார்க்கிறவன், பலன் சொல்கிறவன் அல்ல

பதுளை,
1913, மாசி மாதம் 9ஆம் தேதி.

துறையூரில் வாழும் மைத்துனர் வடிவேல் பிள்ளை அவர்களுக்கு, கந்தப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை விசாலாட்சியும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அவள் சுகம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே அக்காளையும் பிள்ளைகளையும் முருகன் நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும்.

"குருவி ஜோசியரே" என்று என்னை விளித்துத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தங்கள் தங்கை அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், மூன்று தடவையும் சிரித்தாள். மச்சான், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் மானமரியாதையோடு பேனா பிடித்தவன் நான். ஆள் சேர்க்க ஊருக்கு வந்த ரெங்கசாமிக் கங்காணி கடைவீதியில் உளறியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வேலையை விட்டு நின்றபோது துரை சீமைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். அவருடைய பெட்டிகளில் அடங்காத சாமான் ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். போட்டோ பிடிக்கிற, மூன்று கால் வைத்த படப்பெட்டி. ஒரு பசுவைக் கொடுத்திருந்தால் பாலாவது கறந்திருக்கலாம் என்றாள் விசாலாட்சி. ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு இந்தப் பட்டணத்துப் பூந்தோட்டத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால்தான் தெரியும் மச்சான். பனி விலகும்போது முதலில் கொண்டைக்குருவி பேசும், பிறகு மாங்குயில், அதற்குப் பிறகு குளத்தோரத்து மூங்கிலில் மீன்கொத்தி வந்து உட்காரும். அந்த நீலத்தை எந்தப் புடவைக் கடையிலும் நான் பார்த்ததில்லை. தினமும் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணியே கிழவனானவனுக்கு, யாரையும் எண்ண வேண்டாத ஒரு காலை நேரம் கிடைத்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

படம் பிடிப்பதுதான் பெரும்பாடு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குறி பார்த்து, வெளியே வந்து, மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி மூட வேண்டும். மூன்று எண்ணும்வரை உட்கார எந்தப் பறவைக்கும் பொறுமை கிடையாது. படம் விழுகிற கண்ணாடியைக் கழுவிப் பார்த்தால் கிளை மட்டும் இருக்கும். நாற்பது கண்ணாடியிலும் கிளைதான். "இந்தக் கெளைக்கா இம்புட்டுச் செலவு? நம்ம கொல்லையிலயே இருக்கேங்க" என்றாள் தங்கள் தங்கை. மீன்கொத்தி ஒன்றுதான் ஒரு நாள் என் மீது இரக்கப்பட்டு அசையாமல் இருந்தது.

இதையெல்லாம் வேலி ஓரமாக நின்று பார்த்திருக்கிறார் ரெங்கசாமிக் கங்காணி. விடியற்காலை, கிழவன், தலையில் கறுப்புத் துணி, அண்ணாந்த பார்வை, முணுமுணுக்கும் வாய், எந்தப் பறவை எந்தப் பக்கம் போனதென்று எழுத ஒரு நோட்டு. பஞ்சபட்சி சாஸ்திரம் என்று முடிவு கட்டிவிட்டார். "இன்னைக்கு எந்தப் பக்கம் போச்சுங்க?" என்று பணிவாகக் கேட்டார். பறவைப் பிரியன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று பூரித்துப்போய், செம்போத்து வலப்பக்கம் போனதாகச் சொன்னேன். என் நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அந்தத் தடவை ஊருக்குப் போன பயணத்தில் அவருக்கு எக்கச்சக்கமான ஆள் சேர்ந்ததாம். அடுத்த மாதத்திலிருந்து ஹல்துமுல்லையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் ஜனங்கள் பூந்தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையில் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். கூட்டத்தைக் கண்டு பறவைகள் போய்விட்டன. பட்சி சாஸ்திரி இருந்தான், பட்சி இல்லை. வீட்டிலோ என் மீன்கொத்திப் படத்துக்குக் குங்குமம் வைத்து வாசலில் மாட்டியாகிவிட்டது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு நாலு பேர் பழத்தோடு வருகிறார்கள் என்று விசாலாட்சிக்குப் பூரிப்பு.

இப்படியிருக்கையில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராமலட்சுமி என்ற பெண் நடந்தே வந்தாள். அவள் புருஷன் போன ஆடியில் அந்தத் தோட்டத்துக் கங்காணியோடு சண்டை போட்டுத் தோட்டத்தைவிட்டு ஓடியவன். இன்றுவரை தகவல் இல்லை. "எங்க இருக்காருன்னு கேக்கலைங்க. உசுரோட இருக்காரா, அது மட்டும் சொல்லுங்க" என்றாள். அன்றைக்குப் பூந்தோட்டத்தில் ஒரு சிட்டுக்குருவிகூட இல்லை. பட்சி வலப்பக்கம் போனது, நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து வந்த பலன் அது ஒன்றுதான். சத்தியம்.

அவள் அதை லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னாள். கூட்டம் இரட்டிப்பாயிற்று, பெரட்டுக்கு ஆள் குறைந்தது, தோட்டத்துத் துரைமார் புகார் எழுதினார்கள். பூந்தோட்டத்துக் கிளாக்கர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்து மனிதர், என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நான் சொன்ன பலன் எல்லாம் பொய் என்று அதில் இருந்தது. அதைத் தோட்டம் தோட்டமாகப் பெரட்டில் வாசிப்பார்களாம். "இதிலை கையெழுத்தை வையும், நாளைக்கே உள்ளுக்கு வரலாம்" என்றார். வைக்காததால் மூன்று வாரமாகக் கம்பிவேலிக்கு வெளியே நிற்கிறேன். இங்கே மைனாதான் வரும். அதுவும் என்னைப் பார்த்துச் சத்தம் போடும். பொய் என்றுதானே எழுதியிருக்கிறது, போட்டுவிட்டுப் போங்களேன் என்கிறார் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட ஜுனைதீன்.

அவர் சொல்வதும் சரிதான். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. இன்னும் எத்தனை காலை மிச்சம்? யாரோ ஒருத்தி பெரட்டில் நின்று எதைக் கேட்டால் எனக்கென்ன? நாளைக் காலை கையெழுத்துப் போடுகிறேன். தாங்களும் இந்தக் கடிதத்தைக் கடைவீதியில் உரக்க வாசித்து, கந்தப்பன் ஜோசியன் அல்ல என்று நாலு பேர் அறியச் செய்ய வேண்டும்.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும், படிக்கட்டும், படப்பெட்டிப் பக்கம் போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
மு. கந்தப்பன்

பின்குறிப்பு: கடைவீதியில் எதையும் வாசிக்க வேண்டாம். காலையில் கையெழுத்துப் போடக் கிளம்பினேன். ராமலட்சுமி வாசலில் நின்றாள். நேற்று மத்தியானமே புறப்பட்டுவிட்டாளாம். "இன்னைக்கு எப்படிங்க இருக்காரு?" என்று கேட்டாள். கையெழுத்து கிடையாது என்று வீரசிங்கத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இனிமேல் எனக்குப் பூந்தோட்டம் இல்லை. அவளிடம் ஜுனைதீன் வீட்டுக் கூரையைக் காட்டி, காகம் வலப்பக்கம் போகிறது, சுகமாக இருக்கிறான் என்றேன். அந்தக் காகம் எங்கும் போகவில்லை, கூரையிலேயே உட்கார்ந்திருந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் "ஆமாங்க" என்றாள்.