ஸாரிச் சேட்டனைப் பெண் பார்க்க வந்த சனிக்கிழமை

அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்ட சண்டைக்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் திருவனந்தபுரம் கரமனையில் குடியிருந்தார். ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் என்னுடன் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலமானால் பஸ் ஏறி எங்கள் வாடகை ஃப்ளாட்டுக்கு வந்து, எங்களை அடித்துத் துவைத்துவிட்டுப் போவார்.

பதற வேண்டாம். அடியெல்லாம் டி.வி.க்குள்தான். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. நானும் ஷிபு என்கிற கொல்லத்துக்காரனும் அந்த ஃப்ளாட்டில் ஒரு வீடியோ கேம் செட் வைத்திருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சண்டை கேம். அப்போதே அது பழசு.

அதில் கதை கிடையாது, புதையல் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். தலைக்கு மேலே ஆளுக்கொரு மஞ்சள் கோடு. அதுதான் உயிர். அடிபட அடிபடக் குறையும். மூன்று சுற்றில் இரண்டை ஜெயித்தவனுக்கு ஆட்டம். அதற்குப் பிறகு எத்தனையோ புது கேம்கள் ஆடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. இதில் எதிராளி எங்கேயோ இல்லை. உங்கள் முழங்கையை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் மூச்சை இழுப்பதை வைத்தே அடுத்து உதை வருகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். தோற்றால் பழி போட வேறு ஆளும் இல்லை.

ஆட வருகிறவர்கள் எல்லாரும் பறந்து உதைக்கிறவனையோ நெருப்பு விடுகிறவனையோ எடுப்பார்கள். இவர் மட்டும் ஒரு குண்டு மல்யுத்தக்காரனை எடுப்பார். அவன் நடந்தால் அசைந்து அசைந்து வருவான். குதித்தால் இறங்கி வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்.

"அவனை ஏன்ணே எடுக்கிய? அவனை வச்சு ஜெயிக்கவே முடியாதுல்லா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாவம்டா, யாருமே அவனைக் கூப்பிடறதில்லை கேட்டோ. எல்லாரும் விளையாடறச்ச அவன் மட்டும் பொட்டிக்குள்ளயே நின்னுண்டிருக்கான்."

ஆனால் ஜெயிப்பார். குண்டன் மெதுவாக வந்து ஒரு குத்து விடுவான். உடனே இவர் நம் பக்கம் திரும்பி, "ஸாரி கேட்டோ" என்பார். கேட்டோ என்பது 'கேட்டியா' மாதிரி ஒரு மலையாள இழுப்பு. அந்தக் குரலில் அப்படியொரு நிஜமான வருத்தம் இருக்கும். 'பரவாயில்லைண்ணே' என்று சொல்ல நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்த குத்து விழும். அதற்கும் ஒரு ஸாரி.

ஷிபுவுக்கு ரத்தம் கொதிக்கும். "சேட்டா, ஒன்னுகில் தல்லணம், அல்லெங்கில் ஸாரி பறயணம். ரெண்டும் கூடி பற்றில்லா!" என்று கத்துவான். ஒன்று அடி, இல்லை மன்னிப்புக் கேள், இரண்டையும் சேர்த்துச் செய்யாதே என்பது அவன் கட்சி. "ஸாரி மோனே" என்பார் இவர். குண்டன் ஷிபுவைத் தூக்கித் தரையில் போடுவான். ஸாரிச் சேட்டன், அதாவது ஸாரி அண்ணன், என்ற பெயர் ஷிபு வைத்ததுதான்.

ஒருமுறை கீழ் வீட்டிலிருந்து வீட்டு உரிமையாளர் படியேறி வந்துவிட்டார். மாடியில் யாரோ ஒரு அப்பாவியைப் போட்டு அடிக்கிறோம், அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். "ஆரா இவிடெ ஸாரி பறயுன்னது?" என்று அதட்டி, ஸாரி சொல்கிற ஆளைத் தேடினார். சேட்டன் எழுந்து நின்று, "ஞானா. ஸாரி சார்" என்றார்.

அவருக்குப் பல இடங்களில் பெண் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. பையனுக்கு என்ன பொழுதுபோக்கு என்று பெண் வீட்டார் கேட்பார்கள். "சனிக்கிழமை சண்டை போடுவேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார்.

"பாட்டு கேப்பேன், புஸ்தகம் படிப்பேன்னு சொல்லித் தொலையுங்களேன்ணே."

"பொய் சொன்னா, அப்பறம் அதுக்கு வேற அவாகிட்ட ஸாரி கேக்கணுமேடா."

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் என் சீட்டுக்கு வந்து, "நாளைக்கு ஃப்ளாட்டைக் கொஞ்சம் பெருக்கி வைப்பியா? நாகர்கோவில்லேர்ந்து பொண்ணு வரா" என்றார்.

"பொண்ணு பாக்க நீங்கதானே போவணும்?"

"நான் பார்த்தாச்சு. என்ன சண்டைன்னு இப்போ அவ பார்க்கணுமாம்."

நாங்கள் அந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகு முதல் தடவையாகத் தரை என்ன நிறம் என்று தெரிந்துகொண்டோம். பெண்ணின் பெயர் காயத்ரி. துணைக்கு அவளுடைய அண்ணன் வந்திருந்தார். அவர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

செட்டைப் போட்டேன். சேட்டன் வழக்கம்போல் குண்டனை எடுத்தார். காயத்ரி பட்டனைத் தட்டித் தட்டிப் பறக்கிறவனைத் தாண்டினாள், நெருப்புக்காரனைத் தாண்டினாள், குண்டன் மேல் கொண்டுபோய் நிறுத்தி அழுத்தினாள்.

சிவப்புக் கோவணத்தில் ஒரு குண்டன். எதிரே பச்சைக் கோவணத்தில் இன்னொரு குண்டன். அப்படி ஒரு பச்சை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

சேட்டன் முதல் குத்து விட்டார். "ஸாரி கேட்டோ."

"விளையாடறச்ச பேசப்படாது" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. அடுத்த நொடியில் சிவப்புக் குண்டன் தலைகீழாகக் கிடந்தான். முதல் சுற்று அவளுக்கு.

ஜன்னல் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் மட்டும் வந்தது. "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். நான் இவளோட விளையாடறதை விட்டு வருஷமாச்சு."

சேட்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயே திறக்கவில்லை. அவர் அவ்வளவு நன்றாக ஆடி அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. இரண்டாவது சுற்று அவருக்கு. மூன்றாவதில் தொப்பையும் தொப்பையும் மோதின. இரண்டு குண்டன்களும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். நிதானமாக இறங்கி வந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இரண்டு மஞ்சள் கோடும் ஒன்றாகத் தீர்ந்தது. யாருக்கும் வெற்றியில்லை என்று சொல்லிவிட்டது டி.வி.

காயத்ரி சிரித்தாள். சேட்டனும் சிரித்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து, "போலாமா? தம்பானூர் போய் வண்டி பிடிக்கணும்" என்றார்.

"அடுத்த வண்டில போலாம்ணா" என்றாள் அவள், டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஷிபு என் தொடையைக் கிள்ளினான். அடுத்த வண்டியையும் விட்டுவிட்டு, அதற்கும் அடுத்ததில்தான் போனார்கள்.

கல்யாணம் கரமனையில் நடந்தது. பந்தியில் கூட்டம். எங்கே உட்காருவதென்று தெரியாமல் நானும் ஷிபுவும் சுவரோரம் நின்றோம். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எங்கள் இருவர் கையையும் பிடித்து இலைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போனார். கல்யாணம் முடிந்ததும் இருவரும் பெங்களூருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அவளுக்கு அங்கே வேலை, இவருக்கும் அங்கே மாற்றல்.

பாயசம் வந்தது. ஷிபு தொடவில்லை. அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவன், "ஈ மனுஷன் போயால், சனியாழ்ச்ச நம்மள் எந்து செய்யும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

இவர் போய்விட்டால் சனிக்கிழமைகளில் நாங்கள் என்ன செய்வது என்பது அவன் கவலை. "ஸாரி கேட்டோ" என்று சொல்லிவிட்டு, அவன் பாயசக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.