ஊர்வலம் போன வடை வண்டி

ஒரு காட்டில், ஆற்றுக்குப் போகும் பாதையோரத்தில், சடையாண்டி என்ற கரடி தள்ளுவண்டியில் வடை சுட்டு விற்றுவந்தது. வடை அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் அந்தக் காட்டில் வேறு வடை கிடையாது.

ஒருநாள் பஞ்சாயத்து அதிகாரி நரி வந்தது.

“பொது இடத்துல வண்டியை நிறுத்தி வியாபாரம் பண்ணக் கூடாது. புது விதி. நிறுத்தினா தூக்கிட்டுப் போயிடுவோம்.”

“ஐயா, இதுதான் என் பொழப்பு. இதை விட்டா சோத்துக்கு எங்க போவேன்?”

“நிறுத்தாம தள்ளிக்கிட்டே விக்கலாம். அதுக்குத் தடை இல்ல” என்ற நரி, இரண்டு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனது. அந்த வடைக்கு விதி எதுவும் இல்லை போலிருக்கிறது.

சடையாண்டி சொன்ன பேச்சைக் கேட்கும் பிராணி. மறுநாள் அடுப்பு எரிய, எண்ணெய் தளும்ப, வண்டியைத் தள்ளிக்கொண்டே வடை சுட்டது. வடை வாங்க வந்த முயலும் மானும் முள்ளம்பன்றியும் கூடவே நடந்தன. என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தவையும் பின்னால் சேர்ந்துகொண்டன. குரங்கு ஒன்று, “சட்னி வேண்டும்!” என்று கத்தியது. எதற்கென்றே தெரியாமல் மொத்தக் கூட்டமும், “வேண்டும்! வேண்டும்!” என்றது.

நரி மூச்சிரைக்க ஓடிவந்தது. “அனுமதி இல்லாம ஊர்வலமா?” என்று சடையாண்டியைப் பிடித்துக் குகையில் அடைத்தது.

அவ்வளவுதான், சடையாண்டி சிறை சென்ற தலைவராகிவிட்டது. இதற்குமேல் தகுதி யார் கேட்கிறார்கள்? வெளியே வந்தபோது மாலை, வேட்டு, மரத்துக்கு மரம் பேனர். வந்த தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவராகவும் ஆகிவிட்டது.

பதவியேற்ற கையோடு யானைமேல் ஏறி வந்த தலைவர், பாதையில் ஒரு வண்டி கிடப்பதைக் கண்டு எரிந்து விழுந்தது. “எவன்யா வழியை மறிச்சு நிறுத்தினது? தூக்குங்கய்யா!”

“தலைவரே, அது உங்க வண்டி” என்றது நரி, குழைந்துகொண்டு.

சடையாண்டி கொஞ்சம் யோசித்தது. “அப்படின்னா, அதுக்கு இங்கேயே மணிமண்டபம் கட்டுங்க.”

கட்டினார்கள். பாதை முழுக்க மதில். இப்போது தண்ணீர் குடிக்க எல்லாரும் முட்டளவு சேற்றில் இறங்கிப் போகிறார்கள். பாவம், குட்டிகளைக் காப்பாற்ற அந்த மதிலோரம் சுண்டல் விற்ற ஒரு கீரியின் கூடையை நரி பிடுங்கிக்கொண்டது. கீரி கும்பிட்டுக் கேட்டும், தலைவர் யானையைவிட்டு இறங்கவில்லை. விதி என்றால் விதிதான் என்று சொல்லிவிட்டது.

நீதி: பொதுப் பாதையைக் கொஞ்சமாக அடைத்தால் ஆக்கிரமிப்பு. ஆகவே குழந்தைகளே, அடைப்பதென்று முடிவுசெய்துவிட்டால் முழுசாக அடைத்துவிடுங்கள்.