எண்பத்தெட்டு டிகிரி ஜுரம்

புருஷோத்தமன் என்று பேர் வைத்த அப்பா பாதிதான் ஜெயித்தார். பையன் புருஷன் ஆகிவிட்டான். உத்தமன் ஆகிற பாதி இன்னும் நடக்கவில்லை.

ஒரகடத்தில் காருக்கு பம்பர் செய்கிற கம்பெனியில் அவன் ஷிஃப்ட் சூப்பர்வைசர். உருக்கின பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் அச்சுக்குள் இறங்க வேண்டும், எவ்வளவு ஆறினபிறகு வெளியே எடுக்க வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. அதனால் உலகத்தில் சூடு சம்பந்தப்பட்ட எல்லாமே தன் டிபார்ட்மென்ட் என்று நினைப்பு. காப்பிச் சூடு, கத்திரி வெயில், குழந்தையின் ஜுரம், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு கருத்து இருந்தது. பொண்டாட்டி எப்போது சூடாகிறாள் என்பது மட்டும் தெரியாது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் வாடகை வீட்டின் நடு ஹாலில் நின்று சபதம் எடுத்தான்.

"இனிமே இந்த வூட்ல லேப்டாப்பு எண்பது டிகிரியைத் தாண்டக் கூடாது!"

அந்த லேப்டாப், பிரமோஷனுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லி வாங்கியது. படித்தது என்னவோ லாரி ஓட்டுகிற விளையாட்டு. பகலெல்லாம் கம்பெனியில் லாரியில் பம்பர் ஏற்றுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து லாரி ஓட்டுவான். பேட்டா கிடையாது, தூக்கமும் கிடையாது.

அப்போதெல்லாம் சூடு பற்றி அவன் கவலைப்பட்டதில்லை. கவலை வந்தது மஞ்சுளா அதைத் தொட்டபோது.

மஞ்சுளா பி.இ. மெக்கானிக்கல். குழந்தை பிறந்ததும் டிராயிங் ஆபீஸ் வேலையை விட்டவள். தண்டலம் பக்கத்தில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் டிராயிங் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். விட்டுப்போன கை பழகட்டும் என்று, மத்தியானம் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அவள் லேப்டாப்பைத் திறக்க ஆரம்பித்தாள். அந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலே உள்ளே இருக்கிற ஃபேன் மாவு மில் மாதிரி கத்தும்.

இவள் வேலைக்குப் போனால் சுடச்சுட சோறு யார் போடுவது? லாரி யார் ஓட்டுவது? "போகாதே" என்று நேராகச் சொல்ல தைரியம் வேண்டும். அது அவனிடம் ஸ்டாக் இல்லை. ஆகவே விஞ்ஞானத்தைக் கூப்பிட்டான்.

"மெத்தை மேல வச்சினு வேலை செய்யறியே, அதுக்கு மூச்சு முட்டாது?"

"மூக்கு எங்கங்க கீது அதுக்கு?"

"அடியில பாரு, ஓட்டை ஓட்டையா. அது வழியா காத்து உள்ள போவும். சைடு வழியா வெளிய வந்துடும்."

"ஓ. நான் சொல்றது உங்க காதுல போற மாதிரி."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. நீல வெளிச்சம் போடுகிற கூலிங் ஸ்டாண்டு ஒன்றை மேசைமேல் வைத்து, சுவரில் பிளக்கைச் செருகினான். அம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி மின்னியது. அப்புறம் லேப்டாப்பின் சூட்டை நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேரைப் போட்டான்.

"எண்பது வந்தா அலாரம் அடிக்கும். உடனே மூடிடணும்."

"டிராயிங்கைத் தொறந்தாலே எண்பது வந்துடுமே."

"அப்ப தொறக்காத."

"நீங்க லாரி ஓட்டறப்ப?"

"அது சாயங்காலம். கிளைமேட்டே வேற."

ஒரு விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை. எண்பதைத் தாண்டினால் அவன் செல்போனுக்கும் செய்தி வரும். ஒரகடத்தில் இருந்தபடியே வீட்டை ஆளலாம். ராஜதந்திரம் என்றால் அதுதான் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். கை எட்டவில்லை. ஆனாலும் தட்டினான்.

மறுநாள் கேன்டீனில் சாம்பார் சாதத்தில் கை வைத்தான். போன் கத்தியது. எண்பத்திநாலு. உடனே வீட்டுக்குப் போன் போட்டான்.

"மூடு!"

"இன்னாத்தை?"

"லேப்டாப்பை! கொதிக்குது!"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மஞ்சு, நான் உம் புருஷன். எனக்குத் தெரியாம அந்த வூட்ல ஒரு ஈ கூட பறக்காது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதை பயம் என்று எடுத்துக்கொண்டான். மெக்கானிக்கல் படித்த பொம்பளை பேசாமல் இருந்தால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த நாள் எண்பத்தஞ்சு. போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. எண்பத்தாறு. எடுக்கவில்லை. கேட் பாஸ் வாங்கி, கிடைத்த ஷேர் ஆட்டோவில் அரை உடம்பை உள்ளே, அரை உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் பறந்தான். போன மாசம் குழந்தைக்குக் காது வலி என்று மஞ்சுளா போன் செய்தபோது, "லைன் ஓடுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்தவன் இவன்தான்.

வீட்டில் லேப்டாப் சமர்த்தாக மூடிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பு.

"நல்லவேளை, நான் வந்தேன்," என்றான் மூச்சு வாங்க.

"ஆமாங்க. வந்தது வந்தீங்க, சிலிண்டர் வந்து கீழேயே நிக்குது. அதைக் கொஞ்சம் மேல ஏத்திடுங்க."

ஏற்றினான். லேப்டாப்பைக் காப்பாற்றின சந்தோஷத்தில் சிலிண்டர் இறகு மாதிரி இருந்தது.

அந்த வாரம் முழுக்க லேப்டாப்புக்கு விட்டுவிட்டு ஜுரம். ஒருநாள் ஓடிவந்தான், தண்ணி லாரி தெருமுனையில் நின்றது, குடம் குடமாகத் தூக்கினான். இன்னொரு நாள் ஓடிவந்தான். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற நாள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றான். லேப்டாப் ஒவ்வொரு தடவையும் பிழைத்துக்கொண்டது. அதெல்லாம் தன் வேகத்தால் என்று நம்பினான்.

எதிர்வீட்டு லூர்தம்மாளுக்கு நாலு நாளில் விஷயம் விளங்கிவிட்டது. படியில் அவன் இரைக்க இரைக்க ஏறும்போது கேட்டாள்:

"இன்னா தம்பி, மணி அடிச்சிட்டாளா மஞ்சு?"

"ஷிஃப்ட்டு மணி கம்பெனியிலதான்க்கா அடிப்பாங்க," என்றான் புருஷோத்தமன், இதுகூடத் தெரியாதா என்கிற இளக்காரத்தோடு. லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்கிடையில் மஞ்சுளா சொல்லியிருந்தாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் தண்டலத்துல இன்டர்வியூ. ஒரு பாடம் நடத்திக் காட்டணுமாம். கொஞ்ச நேரம் புள்ளையைப் பாத்துக்கினா போதும்."

"வியாழனா? ஐயையோ, ஓ.டி. போட்டுட்டேனே!"

அவள் சொன்ன பிறகுதான் போய் ஓ.டி. போட்டான் என்பது வேறு விஷயம். லூர்தம்மாளிடம் குழந்தையை விடலாம் என்றால், அவள் அன்றைக்கு வேளாங்கண்ணி கிளம்புகிறாள். அதையும் விசாரித்து வைத்திருந்தான். எல்லாக் கதவையும் சாத்திவிட்ட திருப்தியில் இன்டர்வியூவைச் சுத்தமாக மறந்தும் போனான்.

வியாழக்கிழமை. லைன் ஓடிக்கொண்டிருந்தது. போன் அலறியது. எண்பத்தெட்டு!

இதுவரை எண்பத்தெட்டு வந்ததில்லை. புருஷோத்தமன் லைனை அப்படியே விட்டான். மேனேஜர் ஸ்ரீதர் முன்னால் போய் நின்றான்.

"சார், வூட்ல ஜுரம் சார். உடனே போவணும்."

"அடடா, எவ்வளவு இருக்கு?"

"எண்பத்தெட்டு சார்."

ஸ்ரீதர் எழுந்தே நின்றுவிட்டார். "எண்பத்தெட்டா? நூத்துக்கு மேல போனாத்தான்யா ஜுரம். எண்பத்தெட்டுன்னா ஆளு போயாச்சுன்னு அர்த்தம்!"

"அதான் சார் பயமா கீது!"

மேனேஜர் கண் கலங்க பாஸில் கையெழுத்துப் போட்டார். ஓ.டி. போட்ட மனிதன் பாதி ஷிஃப்ட்டிலேயே ஆட்டோ ஏறினான்.

மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாண்டி வந்தபோது, மஞ்சுளா இஸ்திரி போட்ட காட்டன் புடவையில், தோளில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க கீது? எங்க கீது?"

"மேசை மேல துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன். நல்ல சூடு. ஆறுறதுக்குள்ள தொறந்து..."

"தொறக்கறதா!" அவன் பாய்ந்து குறுக்கே நின்றான். "இஞ்சினீரிங் படிச்சவ பேசற பேச்சா இது? சூடா கீறப்ப கை வச்சா கோணிக்கும்டி. அச்சுல இருந்து அவசரப்பட்டு உருவின பம்பர் எப்படி வளையுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஆறுற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. நான் உள்பட!"

மஞ்சுளா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சரிங்க. உங்க இஷ்டம். புள்ளை தூங்குது. எழுந்தா பால் பிளாஸ்க்ல கீது. நான் தண்டலம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"போ, போ." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேசைமேல், கூலிங் ஸ்டாண்டின்மேல், அகலமாகத் தட்டையாக அது இருந்தது. பூத்துண்டின்மேல் ஒரு விரலை வைத்தான். ஸ்ஸ்... விரலை எடுத்துவிட்டான். போனைப் பார்த்தான். எண்பத்திரண்டு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. ஸ்டாண்டின் நீல வெளிச்சம் அணைந்தது. விசிறிகள் நின்றன.

தினசரிக் காலண்டர் அட்டையைச் சுவரிலிருந்து பிடுங்கினான். விசிற ஆரம்பித்தான். வலது கையில் அட்டை. இடது காலில் தூளிக் கயிறு. குழந்தையும் முழிக்கக் கூடாது, லேப்டாப்பும் கொதிக்கக் கூடாது. ஆடி மாசத்துச் சாமியாடிகூட இவ்வளவு உறுப்புகளை ஒரே நேரத்தில் ஆட்டியிருக்க மாட்டான்.

எழுபத்தெட்டு. எழுபது. அறுபத்திரண்டு.

"பாத்தியா? யாரு கை!" என்று தூங்குகிற குழந்தையிடம் சொன்னான்.

ஐம்பத்தஞ்சில் வந்து நின்றது. ஏ.சி. போட்டால்கூட இப்படி இறங்காதே என்று அவனுக்கே ஆச்சரியம். பெருமையில் கையைக் கொஞ்சம் தளர்த்தினான். திடீரென்று அறுபத்தெட்டு. எழுபத்தாறு! பதறி, ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளையெல்லாம் எடுத்து வந்து, துண்டைச் சுற்றி வரப்பு மாதிரி அடுக்கினான். மறுபடி விசிறல். சட்டை நனைந்தது. கழற்றினான். பனியன் நனைந்தது. அதையும் கழற்றினான்.

வயிறு கூவியது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தவன். கண் மேசையை விட்டு நகராமல் பின்பக்கமாகவே நடந்து சமையலறையை எட்டிப் பார்த்தான். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு பருக்கை இல்லை.

"வேலைன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே இந்த லட்சணம்," என்று முணுமுணுத்தான்.

போதாக்குறைக்கு எங்கிருந்தோ பிரியாணி வாசனை. பட்டை, கிராம்பு, புதினா, நெய். லூர்தம்மாள்தான். வேளாங்கண்ணிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறாள் போலிருக்கிறது. மனிதன் இங்கே உயிரைக் கொடுத்து விசிறிக்கொண்டிருக்கிறான், அங்கே பிரியாணி! லூர்தம்மாளை மனசுக்குள் திட்டினான். வாசனை குறையவில்லை. இன்னும் பலமாகத் திட்டினான்.

அப்போது போனில் எண் காணாமல் போனது. ஒரு கோடு மட்டும் நின்றது. கீழே சின்னதாக 'தொடர்பு இல்லை' என்று வந்தது.

புருஷோத்தமன் கையிலிருந்த அட்டை விழுந்தது. துண்டைத் தொட்டான். சில்லென்று இருந்தது. நெற்றியைத் தொடுகிற மாதிரி இன்னொரு தரம் தொட்டான். சில்லிட்டுப்போயிருந்தது. துண்டை விலக்கி முகம் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையில் சரிந்து உட்கார்ந்தான். எத்தனை லாரி! எத்தனை நெடுஞ்சாலை! கரண்ட் வந்தது. யாருக்கு வேண்டும் இனிமேல்?

வெயில் தாழ்ந்தபோது மஞ்சுளா வந்தாள். கையில் ஸ்வீட் பாக்கெட்.

"திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்லிட்டாங்க. கூட ரெண்டு பேரு வந்திருந்தாங்க, நான் நடத்தினதுதான் அவங்களுக்குப் பிடிச்சுதாம். புள்ளையைக் காலேஜ் கிரெச்சுலயே விட்டுக்கலாமாம்... இன்னாங்க, ஏன் வெறும் உடம்போட தரையில குந்திகினு கீறீங்க?"

"போச்சு, மஞ்சு." கீழே கிடந்த காலண்டர் அட்டையை எடுத்துக் காட்டினான். "என்னால முடிஞ்ச வரைக்கும் பாத்தேன். கடைசி வரைக்கும் விசிறினேன். சில்லிட்டுப்போச்சு."

"எது?"

"லேப்டாப்பு!"

மஞ்சுளா கட்டைப்பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே கையை விட்டாள். லேப்டாப்பை எடுத்து, "வழியெல்லாம் என் போன் நெட்டுல ஓடுச்சு, பாடம் முடிஞ்சதும் அணைச்சிட்டேன்," என்று அவன் மடியில் வைத்தாள். ஆடாமல் அசங்காமல், சவுக்கியமாக இருந்தது.

புருஷோத்தமன் மடியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். மறுபடி மடியைப் பார்த்தான்.

"அப்ப... அது?"

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள தொறந்து சாப்பிடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"

அவள் துண்டை விலக்கினாள். அகலமான எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தாள். சிக்கன் பிரியாணி, ஐஸ் தண்ணீர் ஓரமாக இறங்கி, கல்லு மாதிரி உறைந்து கிடந்தது. மஞ்சுளா ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்த்து டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சீக்கிரமா சூடு பண்ணி எடுத்துனு வாங்க, வேலைக்குப் போற பொம்பளைக்குப் பசி உயிர் போவுது."