கட்டவே முடியாத பேக்கேஜ்

அறையைக் கொடுப்பதில்லை என்று யுகேந்திரன் முடிவு செய்தது ஒரு சனிக்கிழமை காலையில். அன்று கீழ்மாடி ஆசியா பீவி அவன் வீட்டு ஹாலில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பாஜு குரோங் என்கிற மலாய் உடை தைத்துக்கொள்ள வந்தவர். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் அவன் மனைவி குமுதா அவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து யுகேந்திரன் கைலியோடு, கையில் கோப்பியோடு, உள்ளறையிலிருந்து நடந்து வந்தான். ஆசியா பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார். அந்த இன்னொரு நாள் வராது என்று குமுதாவுக்குத் தெரியும்.

"அந்த ரூம காலி பண்ணுங்க" என்றாள். "எனக்கு ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்."

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அறைகளே இரண்டுதான். ஒன்றில் படுக்கை. இன்னொன்றில் யுகேந்திரனின் பழைய கணினிகள். யாரோ தூக்கிப் போட்டதை எல்லாம் எடுத்து வந்து அடுக்கி வைத்திருந்தான். எல்லாக் காற்றாடிகளும் சேர்ந்து ஓடினால் விமானம் கிளம்புகிற மாதிரி இருக்கும். ஆனால் எதுவும் கிளம்பாது.

பகலில் அவன் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீட்டில் வேறு வேலை. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து இலவசமாக ஓர் இயங்குதளம் செய்கிறார்கள். யாரோ மென்பொருள் எழுதி அதன் மூலநிரலை வெளியில் வைப்பார்கள். அதை எடுத்து, எல்லாரும் தங்கள் கணினியில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒருவர் கட்டித் தர வேண்டும். கட்டி முடித்தால் அது பேக்கேஜ். கட்டுகிறவன் பராமரிப்பாளன். யுகேந்திரன் அப்படிச் சிலவற்றைப் பார்த்துக்கொள்கிறான். சம்பளம் கிடையாது. உலகத்துக்குச் சேவை என்பான். அந்த உலகத்தில் நான் இல்லையா என்று குமுதா கேட்பாள். அப்போது மட்டும் அவனுக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

நேராக முடியாது என்றால் சண்டை வரும். அதனால் யுகேந்திரன் மூளையைப் பாவித்தான். பராமரிப்பாளர்கள் கைவிட்டுப் போன பேக்கேஜ்களை அனாதை என்பார்கள். அதில் தேடித் தேடி, தொட்டவன் எல்லாம் ஓடிப்போன ஒன்றைப் பிடித்தான். அது இயங்கத் தேவையான ஒரு துணைநிரல் பராமரிக்க ஆளில்லாமல் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதைக் கட்டவே முடியாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் தத்தெடுத்தான்.

"குமு, இது ஒன்ன மட்டும் முடிச்சிடுறேன். இது பில்ட் ஆன அன்னிக்கே ரூம் உன்னோடது."

"நெசமாவா?"

"நெசமா. இது என்னான்னு கேளு. எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர். பூ டிசைன் போட்டு தையல் மெஷினுக்கு அனுப்பும். உனக்காகத்தான் எடுத்தேன்."

குமுதாகூட ஒரு பொய்யை இவ்வளவு சுத்தமாகத் தைத்திருக்க முடியாது.

அதன் பிறகு நிம்மதி. தினமும் சாயங்காலம் குமுதா ஒரு கப் தே வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்ப்பாள். கடைசி வரி சிவப்பாக இருக்கும். கட்ட முடியவில்லை என்று அர்த்தம். ஆச்சா என்பாள். எங்க ஆச்சு, பாரு செவப்பு என்று அவன் நெற்றியைத் தேய்ப்பான். உண்மையில் அவன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டான். சிவப்பு மட்டும் பழசு. முகத்தில் கவலை தினமும் புதுசு. குமுதா பாவப்பட்டு வடை வேறு சுட்டுக் கொடுத்தாள். தின்றான்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"ஏங்க, நீங்க மட்டும் கஷ்டப்படுறீங்களே. வேற யாரும் உதவ மாட்டாங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். யாராவது இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் யுகேந்திரனுக்குத் தலைகால் புரியாது.

"எங்ககிட்ட ரகசியமே கிடையாது லா. எல்லாம் தொறந்து கெடக்கும். பிரச்சனன்னா இதோ, இந்தப் பக்கத்துல யாரு வேணும்னாலும் எழுதலாம். யாரு வேணும்னாலும் சரி பண்ணி அனுப்பலாம். ஈமெயில் இருந்தா போதும்."

"நான்கூடவா?"

"நீகூட" என்று சொல்லிச் சிரித்தான். குமுதாவும் சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் செபராங் ஜெயாவிலிருந்து அலாவுதீன் போன் செய்தான். அவனும் இதே சம்பளமில்லாத கூட்டம்தான். "அண்ணே, உங்க பேக்கேஜ் பக்கத்த பார்த்தீங்களா? ஒரே கூட்டமா இருக்கு."

பார்த்தான். பள்ளிக்கூட இங்கிலீஷில், தெளிவாக, குமுதா எழுதியிருந்தாள். நான் இதன் பராமரிப்பாளரின் மனைவி. இது கட்டி முடியும்வரை எனக்குத் தையல் அறை கிடையாது. என் வாடிக்கையாளர்கள் ஹாலில் நின்று வெட்கப்படுகிறார்கள். என் கணவர் தினமும் முயற்சி செய்கிறார். தினமும் அதே பிழைதான் வருகிறது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. தினமும் திரையை எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். யாராவது உதவுங்கள்.

ஒரு எழுத்துகூட மாறவில்லை என்ற இடத்தில் யுகேந்திரனுக்கு வியர்த்தது.

"என்ன குமு இது?"

"நீங்கதானே எழுதலாம்னீங்க" என்றாள், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே.

இத்தனை காலம் அந்தப் பேக்கேஜை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. இப்போது உலகமே வந்து நின்றது. உருகுவேயிலிருந்து ஒருவர் பழைய நிரலைத் திருத்தி அனுப்பினார். நான்காவது வரியில் இடைவெளி அதிகம் என்று யுகேந்திரன் திருப்பி அனுப்பினான். அவர் இடைவெளியைச் சரி செய்து, உங்கள் மனைவிக்கு என் அன்பு என்றும் சேர்த்து அனுப்பினார். செக் நாட்டிலிருந்து ஒரு பெண், செத்துப்போன துணைநிரலுக்கு மாற்றாக வேறொன்றை இணைத்துக் கொடுத்தாள். அதற்கு உரிமம் சரியில்லை என்றான். உரிமம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு வக்கீலே வந்து எழுதினார். வக்கீலுக்கு இங்கே என்ன வேலை? யுகேந்திரனுக்குத் தலை வெடித்தது. மற்ற பேக்கேஜ்களுக்கு அவன் உதவி கேட்டபோது எல்லாம் எங்கே போயிருந்தார்கள் இவர்கள்?

கடைசியில் பேசாமல் இருந்துவிட்டான். பராமரிப்பாளன் திருத்தத்தை இயங்குதளத்தில் ஏற்றினால்தானே எதுவும் போகும். ஏற்றவில்லை.

அதற்கும் ஒரு விதி இருந்தது. பராமரிப்பாளன் ரொம்ப நாள் வாயைத் திறக்காவிட்டால், குழுவில் வேறு எவரும் திருத்தத்தைச் சேர்த்து ஏற்றிவிடலாம். நல்ல விதி. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் யுகேந்திரனும் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரையில் கடைசி வரி பச்சையாக இருந்தது. ஏற்றியது அலாவுதீன்.

"டேய், நீயாடா?" என்று போனில் கத்தினான்.

"நான் என்ன பண்றதுண்ணே. குமுதா அக்கா எழுதுனத ரொஸ்னா படிச்சிட்டா" என்றான் அலாவுதீன். ரொஸ்னா அவன் மனைவி. "ஏத்துறியா இல்ல ஹால்ல படுக்கிறியான்னு கேட்டா. உங்களுக்கு ரூம். எனக்குக் கட்டிலுண்ணே."

யுகேந்திரன் திரும்பினான். குமுதா அளவு நாடாவோடு வாசலில் நின்றிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் கணினிகள் எல்லாம் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்விட்டன. அவனும் போனான். சாயங்காலம் ஆசியா பீவி வந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம். வெளியே வாஷிங் மெஷின் சத்தம். இந்த அனாதைச் சனியனைத் திரும்பக் கைவிட்டுவிடலாம் என்று அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

புதுப் புகார் ஒன்று வந்திருந்தது. உள்ளறையிலிருந்துதான். வாஷிங் மெஷின் நின்றுவிட்டது, துணி இன்னும் காயப் போடப்படவில்லை, அவசரம்.

அதற்குக் கீழே உருகுவேக்காரர் அதற்குள் பதில் எழுதியிருந்தார்: "மன்னிக்கவும் அம்மா, இதற்கு எங்களால் திருத்தம் அனுப்ப முடியாது. பராமரிப்பாளர்தான் எழுந்து போக வேண்டும்."