மலைத்தாயின் சேலை

பூமி இன்னும் அழியாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் இலங்கை மலையகத்தில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் திருவாளர் சுதாகரனே காரணம். சந்தேகப்படுகிறவர்கள் அவருடைய முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் நிறுவிய 'மலைத்தாய் மரபுக் காப்புப் பேரவை'யின் உறுப்பினர்கள் அனைவரும் ஆண்கள். பெண்ணே இயற்கை என்பது பேரவையின் கொள்கை. இயற்கையை யார் கூட்டத்துக்கு அழைப்பார்கள்? மண்ணும் இரத்தமும் கலப்பில்லாமல் இருக்க வேண்டும், வந்தேறிச் செடிகளை வேரோடு பிடுங்க வேண்டும் என்றும் தீர்மானித்திருந்தார்கள். பிழைப்பு அதில் நடப்பதால் தேயிலைக்கு மட்டும் விலக்கு. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்ற நாட்டு மரத்துக்கு மனைவி பூரணியின் கலியாணச் சேலையைச் சுற்றி, தாயென்று தினமும் கும்பிட்டார் சுதாகரன். தண்ணீர் ஊற்றுவது பூரணியின் பொறுப்பு.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் இடி விழுந்தது. கொழுந்து பறிக்கும் பூரணியைத் தோட்டத்துத் துரை, ஆட்களை மேய்க்கும் கங்காணியாகப் போடப்போகிறாராம். திங்கட்கிழமை விடிய, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நேரத்தோடு நின்றால் வேலை அவளுக்கு; பிந்தினால் வேறொருவருக்கு. கூடைக் கயிறு தலையில் தழும்பு போட்டவள் அவள். அந்த வேலைமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

"இயற்கை அதிகாரம் பண்ணாது பூரணி," என்றார் சுதாகரன்.

அதோடு விடவில்லை. காஸ் அடுப்பு பூமியைச் சுடுகிறது என்று அவசரத் தீர்மானம் போட்டு, ஞாயிற்றுக்கிழமையே அதை வீட்டைவிட்டு வெளியேற்றினார். செயலாளர் வீரய்யா தியாக உணர்வோடு அதைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டார். இனி விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி வைத்துவிட்டு அவள் எங்கே நேரத்தோடு போவது?

"விறகு நீங்க பாத்துக்கங்க. நான் பெரட்டுக்குப் போகணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாள் பூரணி.

மறுநாள் சுதாகரன் விழித்தபோது அவள் போயிருந்தாள். அடுப்பு சில்லென்று கிடந்தது. வெளியே தூறல், காட்டுக்குள் போனால் அட்டை கடிக்கும். தேத்தண்ணி இல்லாமல் பூமியை எப்படிக் காப்பது? தலைவர் கத்தியை எடுத்தார். மரத்தின் சேலையை மரியாதையோடு அவிழ்த்து மடித்து வைத்தார். பிறகு தாயை வெட்டினார். பச்சை விறகு புகைந்ததே தவிர எரியவில்லை.

மாலையில் பேரவை கூடி அடிக்கட்டைக்கு மௌன அஞ்சலி செலுத்தியது. மரத்தின் சாவுக்குப் 'பெண்ணுரிமை'யே காரணம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

கங்காணி பூரணி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்தாள். அடிக்கட்டையைப் பார்த்தாள். மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துக்கொண்டாள்.

"தாயின்னு கும்பிட்டீங்க. சேலைய மட்டும் வெட்டாம வச்சிருக்கீங்க," என்றாள். "நாளைக்கு வேலைக்கு இதத்தான் கட்டிட்டுப் போகப்போறேன்."