ஆறு செடிகளும் ஃபிரெஸ்னோ பயணமும்

வெர்னா ஊருக்குக் கிளம்பும்வரை எந்தச் செடிக்கும் பெரிய தொட்டி கிடையாது என்று ஓரின் சபதம் எடுத்திருந்தார். வாய்விட்டுச் சொன்ன சபதம் இல்லை. மனைவி காதில் விழுந்தால் குடி முழுகிப்போகும் வகைச் சபதம்.

ஹம்போல்ட் மலையில் வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. மற்ற ஊர்களில் ரோஜாவுக்குப் போட்டி போடுவதைப்போல இங்கே இதற்குப் போட்டி போடுவார்கள். நாற்பது வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்த ஓரினிடமும் ஆறு செடி இருந்தது. ஆறும் பெண் செடி. ஆண் செடி தலைகாட்டினால் அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அந்த மலையில் ஆண்பிள்ளைக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

ஜூன் பிறந்ததும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் செடிகளைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். ஓரின் மட்டும் வாளியளவு பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்திருந்தார். அதற்குக் காரணம் ஃபிரெஸ்னோவில் இருந்தது. வெர்னாவின் தங்கை நோரீன் வீடு அங்கேதான். வருஷா வருஷம் ஜூலையில் வெர்னா பத்து நாள் போய் இருந்துவிட்டு வருவாள்; ஓரினையும் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பாள். வெயில் நூற்றுப்பத்து டிகிரி. வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நோரீனின் கணவர் ஃபிளாய்டைப் பொறுக்க முடியாது. ஃபிளாய்டுக்கு இதுவரை பதினோரு தடவை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. பதினொன்றையும் ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் ஜாடியைக் கவிழ்த்து, ஒவ்வொரு கல்லும் வெளியே வந்த வரலாற்றைச் சொல்வார்.

சின்னத் தொட்டிச் செடிக்கு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வேளை தப்பினால் துவண்டுவிடும். மூன்று வேளையும் வந்து ஊற்ற எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கிடைக்கமாட்டார். ஆகவே ஓரின் வீட்டைவிட்டு நகர முடியாது. இரண்டு வருஷம் இந்த வித்தை பலித்தது. வெர்னாவின் கார் மலையிறங்கிய அரை மணி நேரத்தில் செடிகள் பெரிய தொட்டிக்குப் போய்விடும், ஓரின் தூண்டிலோடு ஆற்றுக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் சோதனை வந்தது. வழக்கமாக ஜூலை முதல் வாரமே கிளம்புகிறவள் தேதி பதினைந்தாகியும் கிளம்பவில்லை. செடிகளோ ஆளுயரம் வளர்ந்துவிட்டன.

"ஓரின், இதுங்க ஏன் மஞ்சளாகுது?"

"வெயில் காலம். கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும்."

"பக்கத்துல லெஸ்டர் வீட்டுலயும் இதே வெயில்தானே அடிக்குது? அவன் செடி கரும்பச்சையா நிக்குது."

"அவன் உரத்தைக் கொட்டுறான். அதெல்லாம் ஊளைச்சதை."

"அடி ஓட்டை வழியா வேர் வெளிய வந்து தரைப் பலகை இடுக்குல நுழையுதே?"

"காத்து வாங்க வருது."

"பேசாம பெரிய தொட்டிக்கு மாத்தேன்."

"சின்னத் தொட்டியில கஷ்டப்பட்டு வளர்ந்தாத்தான் செடிக்கு வைராக்கியம் வரும், வெர்னா."

வெர்னா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வைராக்கியத்தைக் காய்ச்சி என் முட்டிக்குத் தடவ முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுடைய முழங்கால் தைலம் வருஷா வருஷம் அந்தச் செடிகளிலிருந்துதான் தயாராகும்.

ஓரின் கல்நெஞ்சக்காரர் இல்லை. விதை முளைத்த நாளிலிருந்து தூக்கி வளர்த்த செடிகள். மத்தியானத்தில் அவை தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது கூட ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஆறும் பிழைக்காது. இப்போதே மாற்றினால் செடி பிழைக்கும், ஓரின் ஃபிரெஸ்னோவில் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை காலை வெர்னா போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நோரீன் பேசினா. இந்த வருஷம் வர வேண்டாமாம்."

"ஐயோ, ஏன்?" ஓரின் குரலில் முடிந்தவரை துக்கம் சேர்த்தார்.

"வீடு முழுக்க பெயின்ட் அடிக்கிறாங்களாம்."

"ஃபிளாய்டைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு."

"வருத்தமா இருக்கா?"

"மனசே ஆறலை. நான் கடைக்குப் போய்ப் பெரிய தொட்டி வாங்கிட்டு வந்துடறேன்."

"எதுக்குக் கடைக்கு? ஷெட்டுல துணியில தைச்ச பெரிய தொட்டி ஆறு கிடக்கு. மே மாசம் மலிவா வந்துது, வாங்கிப் போட்டேன். மண்ணு மூட்டையும் இருக்கு."

மே மாதமே எதற்கு வாங்கினாய் என்று கேட்க வேண்டிய இடம் அது. ஓரின் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே ஷெட்டில் பாதி நுழைந்திருந்தார்.

வேலை மத்தியானம்வரை நீண்டது. பழைய தொட்டிகளிலிருந்து செடி வர மறுத்தது. கத்தியால் பிளாஸ்டிக்கைக் கீறி உரித்தார்கள். உள்ளே மண்ணே தெரியவில்லை. வேர்கள் சுற்றிச் சுற்றி, கம்பளிநூல் உருண்டை மாதிரி இறுகிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் ஓரினுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெர்னா தண்டைப் பிடித்துக்கொள்ள, அவர் விரலால் மெதுவாகச் சிக்கெடுத்தார். அடியில் முறுக்கிக்கொண்டதை மட்டும் கத்தரித்தார். புது மண்ணில் இறக்கி, குச்சி நட்டுக் கட்டி, மேலே வைக்கோல் பரப்பி, தொட்டி வழிய வழியத் தண்ணீர் விட்டார்கள். வெயில் தாக்காமல் இருக்க வெர்னா தன் பழைய படுக்கை விரிப்பைக்கூடக் கொண்டுவந்து பந்தல் கட்டினாள். இவ்வளவு தங்கமான மனைவியை ஏமாற்றினோமே என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஆறும் நிமிர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு லெஸ்டர் வேலியைத் தாண்டி வந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அந்த மலையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஓரினுக்கு நெஞ்சு விம்மியது.

"இனி தண்ணி எப்படி ஊத்தணும்?" என்று வெர்னா கேட்டாள்.

"நாலு நாளைக்கு ஒரு தடவை போதும்" என்றார் ஓரின். "அதுக்கு மேல ஊத்தினா வேர் அழுகிடும். பெரிய தொட்டியோட மகிமையே அதான்."

"அப்போ யார் வேணும்னாலும் ஊத்தலாமா?"

"குழாயைத் திறக்கத் தெரிஞ்சாப் போதும். நம்ம லெஸ்டரே ஊத்தலாம்."

"அதுக்கென்ன, ஊத்திட்டாப் போச்சு" என்றார் லெஸ்டர். "என்னைக்கு வரணும், வெர்னா?"

"திங்கட்கிழமை ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஒரு தடவை. சாவியை இப்பவே தந்துடறேன்."

ஓரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "லெஸ்டர் எதுக்கு வரணும்? நான் இங்கதானே இருக்கேன்?"

வெர்னா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "நோரீன், செடி மாத்தியாச்சு. காலையில கிளம்பறோம். ஆமா, ரெண்டு பேரும்தான்."

"வர வேண்டாம்னு சொன்னாளே?"

"அவ சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"பெயின்ட்?"

"பெயின்டும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"அப்போ பொய்யா சொன்னே?"

"ஆமா. நீ ரெண்டு வருஷம் சொன்னே, நான் ஒரு நாள் சொன்னேன். பதினஞ்சாம் தேதி வரைக்கும் நான் ஏன் கிளம்பலைன்னு நினைச்சே? உன் செடி விழற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்."

ஓரின் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தார். "இன்னைக்குத்தான் இடம் மாத்தினது, வெர்னா. முதல் ரெண்டு மூணு நாள் விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும்."

"நான் இருக்கேன், நீ கவலைப்படாமப் போய்ட்டு வா" என்றார் லெஸ்டர் அன்பாக.

வெர்னா துண்டை எடுத்து ஓரின் கையில் கொடுத்தாள். "மண்ணைக் கழுவிட்டு வா. பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தவிர உன் சாமான் எல்லாத்தையும் செவ்வாய்க்கிழமையே கார்ல ஏத்திட்டேன்."