கிருபனின் நிறை

ஒரேயொரு ஊராம். அந்த ஊருக்கு ஒரேயொரு தராசாம். ஊர் புளியங்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டி உண்டானது. தராசு கொழும்பிலிருந்து வந்தது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் கிடைக்காத அனுமதி தராசுக்குக் கிடைத்தபடியால், அது தாண்டிக்குளம் இராணுவச் சாவடியைத் தாண்டி மரியாதையாக வந்து சேர்ந்தது.

மாதாமாதம் போஷாக்கு உத்தியோகத்தர் யோகநாதன் அதைப் பாலைமரத்தில் கட்டிப் பிள்ளைகளைத் தொங்கவிடுவார். மெலிந்த பிள்ளைக்கு ஒரு பை சத்துமா. இதுதான் திட்டம்.

மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய வீரையாவுக்கும் கமலேஸ்வரிக்கும் ஒரே மகன், கிருபன். மூன்று வயது. மெலிவென்று மா கொடுத்தார்கள். தின்றான். அடுத்த மாதம் கன்னம் வைத்தது.

"வாழ்த்துக்கள்," என்றார் யோகநாதன். "பிள்ளை திட்டத்தால் பயனடைந்துவிட்டது. ஆகவே திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது."

அதற்கடுத்த மாதம் கன்னத்தைக் காணவில்லை.

"இது சரியில்லை வீரையா. அரசாங்கம் தந்த நிறையை நீர் துலைச்சுப்போட்டீர்."

"தேறினா மாவ நிப்பாட்டுறீங்க, மெலிஞ்சா ஏசுறீங்க. புள்ளைய எப்புடித்தாங்கய்யா வளக்கிறது?"

யோகநாதன் யோசித்தார். நியாயமான கேள்விதான்.

"மா கிடைக்கிற அளவுக்கு மெலிஞ்சிருக்கவேணும். மாவாலை பிரயோசனம் எண்டு தெரியிற அளவுக்குத் தேறியும் இருக்கவேணும். பெற்றோர்தான் பாத்து வளக்கவேணும்."

அன்றிலிருந்து அந்த ஊரிலே பிள்ளை வளர்ப்பு நுட்பமான கலையாயிற்று. நிறுக்கிற நாளில் பிள்ளைகளுக்குக் காலையில் வெறும் தேத்தண்ணி. கமலேஸ்வரி கிருபனைக் கிணற்றைச் சுற்றி ஓடவிட்டாள். பசிக்குது என்றால், "நிறுத்துட்டு வந்து திங்கலாம் சாமி," என்றாள். மாதாமாதம் மா கிடைத்தது.

வீரையாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "எங்கப்பன் இம்புட்டு யோசிச்சா நம்மள வளத்தான்? இருந்தா குடுத்தான், இல்லாட்டி அடிச்சான்."

இப்படியிருக்கையில், திட்டத்தின் வெற்றியைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக அறிவித்தல் வந்தது. நல்லாய்த் தேறிய பிள்ளைக்குப் பரிசுமாம். யோகநாதன் சைக்கிளில் வீடுவீடாகப் போனார்.

"எல்லாப் பிள்ளையளும் தேறியிருக்கவேணும்."

"எப்பங்கய்யா?"

"நாளைக்கு."

"தேறினா மா நின்னுருமே?" என்றாள் கமலேஸ்வரி.

"அதை நான் பாக்கிறன். பெரியவர் போனாப்பிறகு திரும்ப மெலியலாம்."

"ஒரு ராவுல நிறைக்கு எங்கங்கய்யா போறது?"

யோகநாதன் ரயில் பாதைப் பக்கம் பார்த்தார். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் யுத்தத்தில் பங்கர் கட்டப் போய் வருடக்கணக்காயிற்று. கல் மட்டும் அங்கேயே கிடந்தது. அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் அல்லவா.

அன்று பின்னேரம் ஊர்த் தாய்மார் எல்லாரும் பிள்ளைகளின் காற்சட்டைப் பைகளைப் பிரித்துப் பெரிதாகத் தைத்தார்கள்.

மறுநாள் பாலைமரக் கொப்பு வளைந்தது. முதலாம் இடம் கிருபனுக்கு. அவனைத் தராசிலிருந்து இறக்கும்போது பையிலிருந்து ஒரு கல் நழுவி, பெரியவரின் சப்பாத்தடியில் விழுந்தது.

 யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர் குனிந்து கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். பிறகு கிருபனின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"தம்பி, இது உம்முடையதா?"

"ஆமாங்க. அம்மா தந்துச்சு."

பெரியவர் கல்லின் மண்ணைத் தட்டி, அவன் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"கவனமாக வைத்திரும்."

பிறகு சபையைப் பார்த்து அறிவித்தார்: "இவ்வூரில் போஷாக்கின்மை முற்றாக ஒழிக்கப்பட்டுள்ளது. எனவே இனிமேல் மா அனுப்பவேண்டிய அவசியம் எழாது."

யோகநாதன்தான் முதலில் கைதட்டினார். அவர் தட்டுகிறாரே என்று ஊரும் தட்டியது. கிருபனுக்குப் பரிசு, ஊருக்கே சோறாக்கக்கூடிய ஒரு பானை.

பெரியவரின் வாகனம் புழுதியோடு மறைந்தது. கமலேஸ்வரி யோகநாதனின் சைக்கிளை மறித்தாள்.

"திரும்ப மெலியலாமுன்னு சொன்னீங்களேய்யா?"

"மெலியுங்கோ அம்மா. அதுக்குத் தடையில்லை. ஆனா நிறுக்கத் தராசில்லை, அவர் கொண்டுபோட்டார். நிறுக்கிற வேலையும் இல்லையெண்டு என்னையும் நிப்பாட்டிப்போட்டார்."

அவர் போனார். மற்றத் தாய்மாரும் போனார்கள். கூலிக்கு நேரமாயிற்றென்று வீரையாவும் போனான்.

கமலேஸ்வரி கிருபனின் பையிலிருந்த கற்களையெல்லாம் மரத்தடியில் கொட்டினாள். பிள்ளையை ஒரு இடுப்பிலும் வெறும் பானையை மற்ற இடுப்பிலும் வைத்துக்கொண்டு, பானைப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள்.